தலைகுனிய வேண்டியவன் திருடன்

தங்கையே, கண்ணைத் துடை. நிமிர்ந்து உட்கார். போனைக் கையில் எடு.

உன் வாட்ஸ்அப் பறிபோயிருக்கிறது. ஆரணியில் வீட்டுத் தறியில் இறங்கிய சேலையை வெளிச்சத்தில் விரித்துப் படம் எடுத்து, உடல் என்ன கலர், பார்டர் என்ன கலர், முந்தியில் என்ன புட்டா என்று ஒவ்வொருத்தருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி, வருஷக்கணக்கில் நீ சேர்த்த வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். இப்போது அங்கே எவனோ உட்கார்ந்திருக்கிறான். உன் படத்தை வைத்துக்கொண்டு, உன் பேரில், "அக்கா, அவசரமா ஒரு பத்தாயிரம் போட முடியுமா, சாயங்காலம் திருப்பிடறேன்" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நீயோ அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், தெருவில் என்ன பேசுவார்கள், படித்த பெண் இப்படி ஏமாந்தாளே என்று சிரிப்பார்களே என்று அடுப்படியில் நின்று குமைந்துகொண்டிருக்கிறாய்.

நிறுத்து. இந்த நிமிஷத்தில் உனக்கு எதிரி இரண்டு பேர். ஒருவன் கணக்குக்குள் இருக்கிறான். இன்னொன்று உன் தொண்டையை அடைக்கிற வெட்கம். அந்த வெட்கத்தை நம்பித்தான் அவன் தொழிலே நடத்துகிறான். நீ வாயைத் திறக்காமல் இருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவனுக்கு வருமானம்.

எப்படி ஏமாந்தாய் என்று யோசித்துப் பார். தெரிந்த அக்காவின் நம்பரிலிருந்து, "தப்பா உன் போனுக்கு ஒரு கோடு வந்திருக்கும், அந்த ஆறு நம்பரைக் கொஞ்சம் சொல்லேன்" என்று மெசேஜ் வந்தது. அக்காவாயிற்றே என்று சொன்னாய். அந்த அக்காவின் கணக்கே அதற்கு முன்னால் களவு போயிருந்தது உனக்கு எப்படித் தெரியும்? இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஏபிகே ஃபைல், அதாவது போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல், வந்திருக்கும். கல்யாணப் பட்டு நெய்து சோறு தின்கிற ஊரில், கல்யாணப் பத்திரிகை வந்தால் திறக்காமல் யார் இருப்பார்கள்? யார் வீட்டுக் கல்யாணம், எத்தனை சேலை எடுப்பார்கள் என்றுதானே மனசு போகும்? வண்டி அபராதம் என்று சொல்லி அனுப்புகிறான், விவசாயி உதவித்தொகை என்று அனுப்புகிறான், வங்கி பேரைச் சொல்லி அனுப்புகிறான். எவருக்கு எது தேவையோ அதன் வேஷத்தில்தான் வருகிறான்.

நீ நம்பினாய். அவ்வளவுதான் நீ செய்தது. நம்பிக்கை இல்லாமல் உன் தொழில் ஒரு நாள் நடக்குமா? முகம் பார்க்காத ஒரு பெண் எங்கோ இருந்து உனக்கு அட்வான்ஸ் போடுகிறாள், நீ முகம் பார்க்காத அவளுக்குப் பட்டுச்சேலையைப் பார்சல் கட்டி அனுப்புகிறாய். இரண்டு பக்கமும் நாணயம் இருப்பதால் நடக்கிற வியாபாரம் இது. அந்த நாணயத்துக்குள் கை விட்டுத் திருடியவன்தான் கூச வேண்டும். நீ எதற்குக் கூசுகிறாய்?

இப்போது எழுந்து கணக்கை எடுப்போம்.

வாட்ஸ்அப் உன் போன் நம்பரோடு கட்டிப்போட்ட கணக்கு. அந்த நம்பர் இருக்கிற சிம் உன் கையில் இருக்கிறது. அவனிடம் இருப்பது ஒரு முறை ஏமாற்றி வாங்கிய ஆறு எண், வேறொன்றும் இல்லை. வாட்ஸ்அப்பைத் திறந்து உன் நம்பரைப் போடு. எஸ்எம்எஸ்ஸில் புதிதாக ஆறிலக்கக் கோடு வரும். அதைப் பதி. பதிந்த கணமே அவன் போனிலிருந்து உன் கணக்கு வெளியேறிவிடும். உள்ளே இருந்த நேரத்தில் அவன் இரண்டடுக்குப் பின் நம்பர் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படியானால் நீ உள்ளே நுழைய 7 நாள் காத்திருக்க வேண்டும். காத்திரு. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்: நீ கோடு பதிந்தபோதே அவன் வெளியே விழுந்தாயிற்று. அந்த 7 நாளும் உன் பேரில் அவனால் ஒரு வார்த்தை பேச முடியாது. கோடு கேட்டுக் கேட்டு அவன் தடையை ஏற்றி வைத்திருந்தால் சில மணி நேரம் கழித்துத்தான் கோடு வரும். அதற்கும் அசராதே, திரும்பக் கேள்.

உன் பழைய பேச்சுகள் எல்லாம் அவனிடம் போய்விட்டன என்று பயப்படுகிறாயா? அவை உன் போனில் இருப்பவை. வேறு போனில் கணக்கைத் திறந்ததால் மட்டும் அவன் கைக்கு அவை போய்விடாது. அவனுக்குக் கிடைப்பது நீ இருக்கிற குரூப்களும் புதிதாக வருகிற மெசேஜ்களும்தான். உள்ளே வந்ததும் முதல் வேலையாக 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்தைத் திறந்து, உனக்குத் தெரியாத கம்ப்யூட்டர், போன் எது இருந்தாலும் வெளியேற்று.

ஏபிகே வழியாக வந்தவன் என்றால் கதை வேறு. அவன் உன் போனுக்குள்ளேயே குடியேறி, உனக்கு வருகிற ஓடிபியை உனக்கு முன்னால் படிக்கிறான். உடனே நெட்டை அணை. சிம்மைக் கழற்றி வீட்டில் இருக்கிற வேறு போனில் போடு, அங்கிருந்து வங்கிக்குப் பேசு, அங்கிருந்து கணக்கை எடு. பழைய போனை முழுசாக அழித்துப் புதிதாக்கிய பிறகுதான் திரும்பத் தொடு. உன் அழைப்புகளை அவன் தன் நம்பருக்குத் திருப்பிவிட்டிருப்பானோ என்ற சந்தேகம் இருந்தால் ##002# என்று அழுத்தி அழைத்தால் திருப்பிவிட்டது எல்லாம் ரத்தாகும். அழைப்புகளைத் திருப்பிவிடும் குறியீட்டை வைத்து நடந்த மோசடிகளுக்காகத்தான் தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15 முதல் அந்த வசதியையே நிறுத்திவைக்கச் சொன்னது.

இன்ஸ்டாகிராம் போயிருந்தால் உன் பழைய மின்னஞ்சலைத் திறந்து பார். மின்னஞ்சல் முகவரியை அவன் மாற்றியிருந்தால், மாற்றியது நீதானா என்று இன்ஸ்டாகிராமே எழுதியிருக்கும். அதிலேயே திருப்பிக்கொள்ள வழி இருக்கும். அது தவறினால் இன்ஸ்டாகிராம் டாட் காம் ஸ்லாஷ் ஹேக்டு என்ற பக்கத்துக்குப் போ. உன் முகம் இருக்கிற படங்கள் கணக்கில் இருந்தால், முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டும் ஒரு சிறு வீடியோ கேட்பார்கள். எடுத்து அனுப்பு. உன் முகம் உன் சாட்சி.

கூகுள் கணக்கு என்றால் பதறிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற பிரவுசிங் சென்டருக்கு ஓடாதே. நீ எப்போதும் பயன்படுத்துகிற போனிலிருந்து, எப்போதும் இருக்கிற இடத்திலிருந்து கேட்டால்தான் கூகுள் உன்னை அடையாளம் கண்டுகொள்ளும். மீட்பு நம்பரை அவன் மாற்றிவிட்டாலும் 7 நாள் வரை உன் பழைய நம்பருக்கே கோடு வாங்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆகவே நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. இயந்திரம் மறுத்தால் திரும்பக் கேள். நான்கு தடவை மறுத்தால் ஐந்தாம் தடவை கேள். மறுப்பது இயந்திரம், கேட்பது உரிமைக்காரி.

இதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. ஊரைக் கூட்டிச் சொல்.

உங்கள் தெருவில் விடிகாலையில் பாவு நீட்டுவதை நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறாய். ஆயிரக்கணக்கான இழை. அதில் எது அறுந்திருக்கிறது என்று வீட்டுக்குள் பூட்டி வைத்துக்கொண்டா தேடுகிறார்கள்? தெருவடைக்க நீட்டி, அந்தப் பக்கம் நாலு பேர் இந்தப் பக்கம் நாலு பேர் நின்று, அறுந்த இழையைக் கண்ணால் பிடித்துக் கையால் பிணைக்கிறார்கள். இழை அறுந்துபோச்சே என்று எந்த நெசவாளியும் பாவைச் சுருட்டி ஒளித்துவைத்து நான் கேள்விப்பட்டதில்லை. உன் விஷயத்தையும் அப்படி நடுத்தெருவில் நீட்டு. அம்மா போனை வாங்கி ஸ்டேட்டஸ் போடு: "என் கணக்கைத் திருடிவிட்டார்கள். என் பேரில் யார் பணம் கேட்டாலும் போடாதீர்கள். வந்த லிங்க்கைத் தொடாதீர்கள்." முக்கியமான வாடிக்கையாளர்களுக்கு நேராகப் போன் பண்ணிச் சொல். வியாபாரக் குரூப்பில் சொல், சங்கத்தில் சொல். உன் குரல் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு காதும் அவனுக்கு அடைத்த ஒரு வாசல்.

சொன்னால் மதிப்புப் போய்விடும் என்கிறாயா? ஸ்ரேயா கோஷாலின் குரல் உனக்குத் தெரியும். தறிச் சத்தத்துக்கு நடுவே ரேடியோவில் எத்தனை தடவை கேட்டிருப்பாய். 2025 பிப்ரவரி 13 அன்று அவருடைய எக்ஸ் கணக்கு பறிபோனது. எத்தனை பேர், எத்தனை புகழ், எத்தனை தொடர்பு உள்ள ஒருவர்! அவருக்கும் அந்த நிறுவனத்திலிருந்து தானியங்கிப் பதிலைத் தாண்டி எதுவும் வரவில்லை. உள்ளே போக முடியாததால் கணக்கை அழிக்கக்கூட முடியாமல் தவித்தார். அவர் ஒளியவில்லை. மார்ச் 1 அன்று இன்ஸ்டாகிராமில் நடந்ததைப் பட்டவர்த்தனமாக எழுதினார். அந்தக் கணக்கில் வரும் எந்த லிங்க்கையும் தொடாதீர்கள், எந்த வார்த்தையையும் நம்பாதீர்கள் என்று ரசிகர்களை எச்சரித்தார். ஏப்ரல் முதல் வாரத்தில் கணக்கு அவர் கைக்கு வந்தது. ஏறக்குறைய இரண்டு மாசம். அவருக்கே இரண்டு மாசம் ஆகுமென்றால், இரண்டாம் நாளே கையை விரித்து உட்கார உனக்கு என்ன அவசரம்? அவர் மதிப்பில் ஒரு குன்றிமணி குறைந்ததா?

குஷ்புவின் ட்விட்டர் கணக்கைத் திருடிப் பேரையே மாற்றி, போட்டிருந்த பதிவுகளையெல்லாம் அழித்தார்கள். 2021 ஜூலையில் அவர் நேராகப் போலீஸ் தலைமை அதிகாரியிடம் புகார் கொடுத்தார். ட்விட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாக் டோர்சியின் கணக்கையே 2019 ஆகஸ்ட் 30 அன்று அவருடைய போன் நம்பரைக் கைப்பற்றி உள்ளே புகுந்து பயன்படுத்தினார்கள். வீட்டைக் கட்டியவனுக்கே அந்தக் கதி.

இன்னொரு மனிதரைப் பற்றிச் சற்று நேரம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மேட் ஹோனன் என்ற பத்திரிகையாளர். வயர்டு பத்திரிகையில் தொழில்நுட்பம் பற்றி எழுதுவதே அவர் வேலை. 2012 ஆகஸ்ட் 3 அன்று சுமார் ஒரு மணி நேரத்துக்குள் அவருடைய கூகுள் கணக்கை அழித்தார்கள், ட்விட்டரைப் பிடித்தார்கள், ஐபோன், ஐபேட், மடிக்கணினி மூன்றையும் தொலைவிலிருந்தே துடைத்து வெறுமையாக்கினார்கள். அவருடைய குழந்தையின் முதல் வருஷப் படங்கள் அந்தக் கணினியில் இருந்தன. திருடர்கள் மந்திரம் எதுவும் செய்யவில்லை. அமேசானுக்குப் போன் போட்டுப் பேசி அவருடைய கார்டின் கடைசி நான்கு எண்ணைப் பெற்றார்கள். அதே நான்கு எண்ணை ஆப்பிளிடம் சொல்லி உள்ளே போனார்கள். ஒரு கம்பெனி சாதாரணமாகக் காட்டுகிற எண், இன்னொரு கம்பெனியில் சாவி!

தொழில்நுட்பம் எழுதுகிறவன் இப்படி மாட்டினேன் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு கூச்சம் இருந்திருக்கும்? அவர் அதை எழுதினார். எந்த வாசல் எப்படித் திறந்தது, தன் பக்கம் எங்கே ஓட்டை என்று ஒன்று விடாமல் எழுதினார். சில நாளிலேயே அந்த இரண்டு பெரிய கம்பெனிகளும் போனில் கணக்கைத் திறந்துவிடும் வழக்கத்தை மாற்றின. நிபுணர்களிடம் கொடுத்து அவர் தன் படங்களில் பெரும்பகுதியையும் மீட்டார். ஒரே ஒருவன் வாய் திறந்ததால் கோடிக்கணக்கான பேர் வீட்டுப் பூட்டு பலமானது. நீ வாய் திறந்தால் உன் தெருவில் இருபது வீட்டுப் பூட்டு பலமாகாதா?

இனி அப்பாக்களுக்கும் அண்ணன்களுக்கும் ஒரு வார்த்தை. மகள் வந்து, "அப்பா, என் அக்கவுண்ட் போயிடுச்சு" என்று சொன்னால், முதலில் போனைப் பிடுங்குகிறீர்களே, அது என்ன நியாயம்? வீட்டில் கொள்ளை போனால் வீட்டுக்காரியையா வெளியே தள்ளுவீர்கள்? அவள் அந்தப் போனில் நெய்த சேலையை விற்றாள். இடையில் கமிஷன் போகாமல் கூலிக்கு மேல் நாலு காசு வீட்டுக்கு வந்தது. ஐப்பசி மழையில் குழித்தறியில் ஈரம் ஏறி வேலை நின்ற நாளில் அடுப்பு எரிந்தது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். இந்தப் பிடுங்கலுக்குப் பயந்துதான் பெண் பிள்ளைகள் சொல்லாமல் மறைக்கிறார்கள். மறைப்பதால்தான் மிரட்டுகிறவன் மறுபடி மறுபடி மிரட்டுகிறான். படத்தை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன், அனுப்பிவிடுவேன் என்று எவனாவது பணம் கேட்டால், அந்தப் பெண் முதலில் ஓடி வர வேண்டிய இடம் உங்கள் பக்கம். அந்த இடத்தைக் காலியாக வைத்திருங்கள்.

தங்கையே, சட்டம் யார் பக்கம் என்று கேட்டால், உன் பக்கம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66சி: அடுத்தவரின் கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பிரிவு 66டி: கணினி, போன் வழியாக ஆள் மாறாட்டம் செய்து ஏமாற்றினாலும் அதே தண்டனை. ஏமாந்தவளைத் தண்டிக்க அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் கிடையாது. நீ போலீஸ் நிலையத்துக்குக் குற்றவாளியாகப் போகவில்லை, வாதியாகப் போகிறாய். தலையை நிமிர்த்திக்கொண்டு போ.

பணம் போயிருந்தால், உன்னிடமிருந்து போனாலும் உன் பேரை நம்பிய வாடிக்கையாளரிடமிருந்து போனாலும், பணம் போட்டவர் அடுத்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். திருடன் பணத்தை ஒரு கணக்கில் வைத்திருக்க மாட்டான். கணக்கு கணக்காகத் தாவவிடுவான். அது ஏதாவது ஒரு வங்கியில் நிற்கும்போதே பிடித்து முடக்கத்தான் அந்த எண். பரிவர்த்தனை எண், நேரம், அவன் கொடுத்த ஜிபே நம்பர், ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொள். ஆத்திரத்தில் எதையும் அழித்துவிடாதே. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகாரைப் பதிந்து ஒப்புகை எண்ணை எழுதி வை. வங்கிக்கும் அப்போதே சொல்: நீ தெரிவித்த பிறகு நடக்கிற நஷ்டம் வங்கியைச் சேர்ந்தது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. இந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்டு கவுன்ட்டரில் நிற்பவளுக்கும் தெரியாமல் நிற்பவளுக்கும் குரலே வேறாக இருக்கும்.

ஒரு கூட்டம் இன்னும் இருக்கிறது, ஜாக்கிரதை. உன் கணக்கு போனது தெரிந்ததும், "நான் ஹேக்கர், மூவாயிரம் கொடுத்தா ஒரு மணி நேரத்துல எடுத்துத் தர்றேன்" என்று இன்ஸ்டாவிலும் டெலிகிராமிலும் வருவான். அழுகிற வீட்டில் திருட வருகிற இரண்டாவது திருடன் அவன். ஒரு பைசா கொடுக்காதே, ஒரு ஓடிபி சொல்லாதே. கணக்கை மீட்டுத் தர எந்தக் கம்பெனியும் காசு கேட்பதில்லை.

பேரைத் திருடுகிறவனோடு மோதுவது ஆரணிக்குப் புதிதா? விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் கைத்தறிப் பட்டு என்று கூசாமல் விற்கிறவர்களை உன் தாத்தா காலத்திலிருந்து இந்த ஊர் பார்க்கிறது. சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985இல் சட்டம் வந்ததும் அந்தச் சண்டையால்தான். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு வாங்கி வைத்திருப்பதும், இந்தப் பேர் இந்த மண்ணில் நெய்கிறவர்களுக்கே சொந்தம் என்று எழுத்தில் நிறுத்தத்தான். காகிதம் எழுதி, சாட்சி காட்டி, வருஷக்கணக்கில் அலைந்து பேரைக் காப்பாற்றிய ஊர் இது. அந்த ஊர்ப் பெண் ஒரு ஆறிலக்க எண்ணைப் பறிகொடுத்ததற்காக மூலையில் உட்காருவதா?

கணக்கு கைக்கு வந்ததும் பாதியில் நிறுத்தாதே. இரண்டடுக்குப் பின் நம்பர் வை, அதற்கு ஒரு மின்னஞ்சலும் கொடுத்து வை. கூகுளுக்கு ஒரு கடவுச்சொல், இன்ஸ்டாவுக்கு வேறு. ஜிமெயிலில் அவன் ரகசியமாக ஃபார்வர்டிங், ஃபில்டர் ஏதாவது வைத்துவிட்டுப் போயிருக்கிறானா என்று பார். உன் மெயில் எல்லாம் சத்தமில்லாமல் அவனுக்கும் போய்க்கொண்டிருக்கலாம். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் உன் குரலிலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பு: கணக்கு திரும்பிவிட்டது, இனி அட்வான்ஸ் போடும் முன் ஒரு தடவை போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று. உன் பேரை நம்பிப் பணம் இழந்தவர் இருந்தால் அவர் புகாரை நீயே கூட இருந்து எழுதிக் கொடு. அவர் அடுத்த கல்யாணத்துக்கும் உன்னிடம்தான் வருவார்.

இன்றைக்கு ராத்திரி அப்பா தறியை விட்டு எழுந்ததும் அவர் போனை வாங்கு. செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். ஆறு எண்ணை அவரையே யோசித்துப் போடச் சொல். பிறந்த வருஷமும் வண்டி நம்பரும் வேண்டாம் என்று சொல்லிவிடு. பிறகு அம்மா போன். அது முடிந்ததும் எதிர்வீட்டுக்குப் போ, அந்த அத்தை இன்னும் ஒன்றும் வைத்திருக்க மாட்டார்.